அமெரிக்காவின் சண்டை திருகோணமலைக்கு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு அமெரிக்க சுதந்திரப் போராட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது, 1776 சுதந்திரப் பிரகடனம், வாஷிங்டன், 1783 பாரிஸ் உடன்படிக்கை என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த ஒரு பெடியன் எழும்பினான்.

"சேர், இது எங்கயோ நடந்த சண்டை. சோதினைக்கு வரும் எண்டதைத் தவிர இதுக்கும் எங்களுக்கும் என்ன சேர் சம்பந்தம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு, "அந்தச் சண்டையின்ர வெடிச்சத்தம் திருகோணமலையில கேட்டது, தெரியுமா?" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. நாற்பது நிமிடப் பாடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. கல்வியியற் கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் எனக்கும் அதே கேள்வி இருந்தது. கேட்கத்தான் துணிவு வரவில்லை.

இது துப்பாக்கிச் சண்டையின் கதை என்பதைவிட, சாமான் போகும் பாதையை யார் மூடலாம், யார் திறக்கலாம் என்பதைப் பற்றிய கதை. வன்னியில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அமெரிக்காவின் 13 குடியேற்றங்களும் கிளர்ந்தெழுந்தபோது பிரித்தானியா செய்த முதல் வேலைகளில் ஒன்று, 1775 டிசெம்பரில் ஒரு சட்டம் போட்டது. அந்தக் குடியேற்றங்களோடு எவரும் வியாபாரம் செய்யக்கூடாது, அவர்களுடைய கப்பல்களை எதிரியின் கப்பல்களாகவே பிடிக்கலாம் என்பதுதான் அந்தச் சட்டம். கிளர்ச்சிக்காரர்களிடம் துப்பாக்கி இருந்தது, ஆள் இருந்தது, ஆனால் வெடிமருந்து போதவில்லை. அங்கே அதைச் செய்யும் ஆலைகள் மிகக் குறைவு. வெளியிலிருந்து வராவிட்டால் போராட்டம் சில மாதங்களில் முடிந்துவிடும்.

வெளியிலிருந்து வந்தது. எங்கிருந்து? கரீபியன் கடலில் சென் யுஸ்தேசியஸ் என்று ஒரு சின்னத் தீவு உண்டு. பரப்பளவு 21 சதுர கிலோமீற்றர் மட்டும்தான். அது ஒல்லாந்தருடைய தீவு. ஒல்லாந்தர் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத நடுநிலை நாட்டவர். அந்தத் தீவின் துறைமுகத்தை வரியில்லாத் திறந்த துறைமுகமாக வைத்திருந்தார்கள். யாரும் வரலாம், எதையும் வாங்கலாம், எதையும் விற்கலாம். ஐரோப்பாவிலிருந்து வெடிமருந்து அங்கே வரும். அமெரிக்காவிலிருந்து புகையிலையும் அவுரியும் வரும். கரையோரத்தில் வரிசையாகக் கட்டிய கிட்டங்கிகளில் இரண்டும் கைமாறும். 1776 நவம்பரில் அமெரிக்கக் கொடியோடு வந்த ஒரு கப்பலுக்கு அந்தத் தீவின் கோட்டையிலிருந்து மரியாதை வேட்டு தீர்த்தார்கள். பிரித்தானியாவுக்கு அது கன்னத்தில் விழுந்த அடி.

1778 இல் பிரான்ஸ் அமெரிக்காவின் பக்கம் சேர்ந்தது. 1779 இல் ஸ்பெயின் போரில் இறங்கியது. இப்போது பிரச்சினை இன்னும் பெரிதாகியது. போர்க்கப்பல் கட்ட மரம் வேண்டும், பாய்மரத் தண்டு வேண்டும், கயிற்றுக்குச் சணல் வேண்டும், பலகை இடுக்கை அடைக்கத் தார் வேண்டும். இவை பெரும்பாலும் ரஷ்யா, சுவீடன் போன்ற வடக்கு நாடுகளிலிருந்து வந்தன. ஒல்லாந்தக் கப்பல்கள் இவற்றை ஏற்றிப் பிரான்சுக்குக் கொண்டுபோய் விற்றன. "இது போர்ச் சாமான், தடைசெய்யப்பட்டது" என்றது பிரித்தானியா. "1674 இல் நீங்களே எங்களோடு செய்த உடன்படிக்கையில் இதைக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறதே" என்றது ஒல்லாந்து. இரண்டு பேரும் ஒரே தாளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். 1779 டிசெம்பர் கடைசி நாளில் ஒல்லாந்தப் போர்க்கப்பல்களின் காவலோடு போன வணிகக் கப்பல்களைப் பிரித்தானியக் கடற்படை ஆங்கிலக் கால்வாயில் மறித்தது. வேட்டும் தீர்க்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் பிரித்தானியா அந்த 1674 உடன்படிக்கையை இடைநிறுத்தியது.

இந்த இடத்தில்தான் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரின் வருகிறார். அவருடைய நாட்டுச் சணலும் மரமும் விற்க வேண்டும். கடலில் போகும் கப்பலை எல்லாம் மறித்தால் அவருடைய வியாபாரமும் படுத்துவிடும். 1780 மார்ச்சில் அவர் ஓர் அறிவிப்பு விட்டார். அதன் சாரம் இதுதான்:

நடுநிலை நாட்டுக் கப்பல்கள் போரிடும் நாடுகளின் துறைமுகங்களுக்கிடையில் தடையில்லாமல் போகலாம்.

நடுநிலைக் கப்பலில் இருக்கும் சாமான், அது எதிரியுடையதாக இருந்தாலும், பறிக்கப்படக்கூடாது. போர்ச் சாமானுக்கு மட்டும் விலக்கு.

போர்ச் சாமான் என்பது ஆயுதமும் வெடிமருந்தும் போன்றவைதான். கண்டதையெல்லாம் அந்தப் பட்டியலில் சேர்க்கக்கூடாது.

ஒரு துறைமுகம் முற்றுகையில் இருக்கிறது என்று கடதாசியில் எழுதினால் போதாது. உள்ளே போவது உண்மையிலேயே ஆபத்து என்று சொல்லும் அளவுக்குக் கப்பல்கள் கிட்ட நிற்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதை ஒரே வரியில் சொல்வேன்: வாயால் மூடிய கதவு மூடிய கதவு அல்ல.

டென்மார்க்கும் சுவீடனும் அதே ஆண்டில் இந்த அணியில் சேர்ந்தன. 'ஆயுதமேந்திய நடுநிலை அணி' என்று அதற்குப் பெயர். ஒல்லாந்தும் சேர முடிவெடுத்தது. அது நடந்தால், ஒல்லாந்தோடு சண்டை பிடிப்பது ரஷ்யாவோடும் பகைப்பதாகிவிடும். பிரித்தானியா அவசரப்பட்டது. அதற்கு ஒரு சாட்டு வேண்டும். அந்தச் சாட்டு கடலில் மிதந்து வந்தது.

உண்மையாகவே மிதந்து வந்ததுதான். ஹென்றி லோரன்ஸ் என்ற அமெரிக்கத் தூதர் ஒல்லாந்துக்குக் கடன் கேட்டுப் போய்க்கொண்டிருந்தார். 1780 செப்டெம்பரில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் அவருடைய கப்பலைப் பிரித்தானியக் கப்பல் பிடித்தது. அவர் கையிலிருந்த கடிதங்கள் ஒரு பையோடு கடலில் வீசப்பட்டன. பை தாழவில்லை. பிரித்தானிய மாலுமிகள் அதைக் கொக்கி போட்டு எடுத்தார்கள். உள்ளே ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆட்கள் அமெரிக்காவோடு இரகசியமாக எழுதிய ஒரு வரைவு உடன்படிக்கை இருந்தது. அது 1778 இல் எழுதியது, ஒல்லாந்து அரசு கைச்சாத்திடாதது. இருந்தாலும் அது போதுமாக இருந்தது. லோரன்ஸ் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். 1780 டிசெம்பர் 20 ஆம் திகதி பிரித்தானியா ஒல்லாந்தின்மீது போர்ப் பிரகடனம் செய்தது. நடுநிலை அணியில் சேர முனைந்ததைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதப் பையையும் பழைய குற்றச்சாட்டுகளையும்தான் காரணமாகச் சொன்னது. ஒல்லாந்து அடுத்த ஜனவரியில் அணியில் சேர்ந்தும் பயனில்லை. 'இது உங்கள் இருவருக்கும் உள்ள வேறு பிரச்சினை' என்று கத்தரின் ஒதுங்கிக்கொண்டார். நல்ல கொள்கை எழுதியவருக்கு, அந்தக் கொள்கைக்காகக் கப்பல் அனுப்பும் எண்ணம் இருக்கவில்லை.

1781 பெப்ரவரி 3. அட்மிரல் ரொட்னி பெரிய கப்பற்படையோடு சென் யுஸ்தேசியஸ் தீவுக்குள் நுழைந்தார். போர் தொடங்கிய செய்தி தீவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களும் கிட்டங்கிகளும் அவர் கையில் விழுந்தன. அதற்குப் பிறகும் ஒரு மாதமளவில் ஒல்லாந்துக் கொடியை இறக்காமல் வைத்திருந்தார். கொடியை நம்பி வந்த கப்பல்களையும் பிடிக்கத்தான்.

தீவில் யூத வியாபாரிகள் வாழ்ந்தார்கள். அந்த ஆண்களை எல்லாம் ஓரிடத்துக்கு வரச் சொன்னார்கள். சோதித்தார்கள். சட்டையின் உள்துணியைக் கிழித்து அதற்குள் தைத்து வைத்த காசை எடுத்தார்கள். அவர்களில் முப்பது பேரை, மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட விடாமல், வேறு தீவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பேர்க் இதைக் கேள்வி கேட்டார். தீர்மானம் தோற்றது.

இதை முதன்முதலாக வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. முல்லைத்தீவிலிருந்து புத்தளம் வரை உம்மாவின் மடியில் வந்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் உம்மம்மா மௌத்தாகும் வரை ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவாடை நாடாவுக்குள் சுருட்டி வைத்த காசைப் பற்றிய கதை. எடுத்தார்களா, விட்டார்களா என்று இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டுக் கதை. ஆனால் சட்டைக்குள் காசு தைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதர்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, மொழி தெரியாது, மார்க்கம் வேறு. இருந்தாலும் தெரியும். பெரிய நாடுகள் கடல் சட்டம் பேசும் இடத்திலெல்லாம், கடைசியில் சோதிக்கப்படுவது யாரோ ஒரு சின்ன வியாபாரியின் உடுப்புத்தான்.

சரி, இப்போது எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

மேற்கில் 'கடல் எல்லோருக்கும் பொது, எங்கள் கப்பலை மறிக்காதே' என்று கத்திய அதே ஒல்லாந்தர் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

கடல் எல்லோருக்கும் பொது என்ற வாதத்தையே அவர்களின் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1609 இல் 'சுதந்திரக் கடல்' என்ற சிறு நூலாக எழுதியிருந்தார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக எழுதிய வாதம் அது. கீழைக் கடலைத் தங்களுடையது என்று சொல்லப் போர்த்துக்கேயருக்கு உரிமையில்லை, அங்கே உள்ள நாடுகளுக்குச் சொந்த அரசர்கள் இருக்கிறார்கள் என்று அதில் சொல்கிறார். அந்த நாடுகளில் ஒன்றாக 'தப்ரபேன்' என்ற பெயரும் வருகிறது. பழைய கிரேக்கர் நம்முடைய தீவுக்கு வைத்த பெயர் அது.

1638 இல் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் அந்தக் கம்பனியோடு மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தார். போர்த்துக்கேயரைத் துரத்த உதவி, பதிலுக்கு வியாபார உரிமை. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது 'மன்னர் விரும்பினால்' என்ற சொற்கள் மன்னரிடம் இருந்த பிரதியில் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அந்த இரண்டு சொல்லில் ஒரு இராச்சியத்தின் கரை போனது. சிங்களச் சகோதரர்கள் 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின மாதிரி' என்று சொல்லும் பழமொழி இந்தக் கதையிலிருந்துதான் வந்தது என்பார்கள்.

பிறகு ஒல்லாந்தர் கரையோரத்தை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். 1656 இல் கொழும்பு, 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும், பிறகு கிழக்குத் துறைமுகங்கள். மலைக்குள் இருந்த கண்டிக்குக் கடல் இல்லாமல் போனது. உப்புக்கும், கருவாட்டுக்கும், புடைவைக்கும் கரையைப் பார்த்து நிற்க வேண்டிய நிலை. பாக்கை யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதையும் கம்பனியே சொன்னது. கண்டியும் சும்மா இருக்கவில்லை. கடவத்தைகளை மூடும், கறுவா உரிப்பவர்களை உள்ளே விடாது. இரண்டு பக்கமும் கதவை மாறி மாறிச் சாத்திக்கொண்டிருந்தன.

இந்த மூடிய எல்லைக்குள்ளால் உப்புப் பொதியையும் கருவாட்டையும் மாடுகளில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனவர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். கண்டி அரசில் அதற்கென்றே 'மடிகே' என்ற போக்குவரத்துப் பகுதி இருந்தது. கரையில் ஒல்லாந்தர் அதே சமூகத்து ஆட்களைப் பிடித்துச் சம்பளமில்லாத 'ஊழியம்' வாங்கினார்கள். மேலே அரசனின் ஆள், கீழே கம்பனியின் ஊழியக்காரன். நடுவில் மாடும் பொதியும்.

மதத்துக்குக்கூட இந்தத் தடையை மீற முடியவில்லை. கண்டியில் உபசம்பதா மரபு அற்றுப்போய்விட்டது. சீயத்திலிருந்து பிக்குகளைக் கொண்டுவர வேண்டும். கடல் இல்லாத மன்னரிடம் கப்பல் ஏது? கரையை மூடிய ஒல்லாந்தரிடமே கப்பல் கேட்டுத்தான் தூதுக்குழு போனது. 1753 இல் உபாலி தேரர் வந்து இறங்கியது திருகோணமலையில்.

1761 இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் போர் வெடித்தது. மன்னர் மதராஸில் இருந்த ஆங்கிலேயரிடம் ஆள் அனுப்பினார். 1762 இல் ஜோன் பைபஸ் என்ற ஆங்கிலேயத் தூதர் திருகோணமலையில் இறங்கிக் காட்டுவழியாகக் கண்டிக்குப் போனார். கறுவா என்ன விலை, துறைமுகம் எங்கே தருவீர்கள் என்று அவர் கேட்டார். படை தருவீர்களா என்று மன்னர் பக்கம் கேட்டது. அப்போது பிரித்தானியாவுக்கும் ஒல்லாந்துக்கும் ஐரோப்பாவில் சமாதானம். ஆகவே பைபஸ் திரும்பிப் போனார். மதராஸிலிருந்து பிறகு ஒரு பதிலும் வரவில்லை.

தனியே விடப்பட்ட கண்டியை 1765 இல் ஒல்லாந்தர் சூறையாடினார்கள். 1766 பெப்ரவரியில் உடன்படிக்கை. தீவின் கரையோரம் முழுவதும், மன்னர் கையில் மிஞ்சியிருந்த துண்டுகளும் சேர்த்து, கம்பனிக்கு. வேறு ஐரோப்பிய நாட்டோடு மன்னர் பேசக்கூடாது. கண்டி மக்கள் உப்பளங்களில் உப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகமும் இருந்தது. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை உரிமையாக இருந்தது இன்று சலுகையாக மாறிவிட்டது. சலுகை தந்தவன் நாளைக்கு அதை நிற்பாட்டலாம். உப்பு நிற்கும் என்ற பயம் ஒன்றே போதும். பீரங்கி தேவையில்லை.

சென் யுஸ்தேசியஸில் திறந்த துறைமுகம். புத்தளத்தில் மூடிய துறைமுகம். இரண்டிலும் பறந்தது ஒரே நாட்டின் கொடி.

இப்போது 1780 டிசெம்பர் போர்ப் பிரகடனத்தை நினைத்துப் பாருங்கள். அது ஒல்லாந்தின் எல்லாக் கோட்டைகள் மீதும் செய்த பிரகடனம். 1781 நவம்பரில் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. கோட்டை விழுந்தது. ஒரு வருடத்துக்கு முன் கரீபியன் தீவில் தொடங்கிய அந்தப் புயல், கொக்கிளாய், புல்மோட்டை தாண்டினால் வந்துவிடும் அந்தத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. வகுப்பில் நான் சொன்ன வெடிச்சத்தம் இதுதான்.

ஹியூஸோடு ஹியூ பொயிட் என்றொரு தூதரும் வந்திருந்தார். மதராஸ் ஆளுநர் மக்கார்ட்னி பிரபுவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் கண்டிக்கு நடந்தார். அந்தக் கடிதத்துக்குரிய மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அந்த ஜனவரி மாதத் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். தம்பி இராஜாதி ராஜசிங்கன் அரியணையில். 'ஒல்லாந்தர் நம் இருவருக்கும் எதிரி, எங்களுக்கு உணவும் உதவியும் தாருங்கள், நட்பாக இருப்போம்' என்பது பொயிட் கொண்டுபோன செய்தி.

கண்டி அரசவை மறக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் நாங்கள் தவித்தபோது நீங்கள் எங்கே போனீர்கள் என்ற கேள்வி எழுந்தது. இனிக் கம்பனியோடு இல்லை, உங்கள் அரசரே தூதர் அனுப்பினால் பேசுவோம் என்பதுதான் பொயிட்டுக்குக் கிடைத்த பதிலின் சாரம். வெறும் கையோடு திரும்பினார். கடலில் பிரெஞ்சுக்காரர் அவரைப் பிடித்துப் போர்போன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1782 ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் திருகோணமலையைப் பிடித்தார். செப்டெம்பர் 3 ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பற்படைகளும் மோதின. அடுத்த வருடம் ஜூன் மாதம் இதே படைகள் கடலூருக்கு அப்பால் கடைசியாக மோதியபோது ஐரோப்பாவில் சமாதான உடன்பாடு ஏற்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிப் பெரிய சண்டை நடந்தது தமிழ்நாட்டுக் கடலில்.

இதே காலத்தில்தான், 1782 ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒல்லாந்தர் வன்னியைத் தங்கள் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை யானைத் திறை கட்டுவதாகச் சொல்லி, கட்டாமல் இழுத்தடித்து, ஒரு கால் இங்கும் ஒரு கால் கண்டியிலுமாக நின்ற வன்னியர்களின் காலம் அதோடு ஒடுங்கியது.

போர் முடிந்து 1784 மே மாதம் பாரிஸில் பிரித்தானியாவும் ஒல்லாந்தும் கைச்சாத்திட்டன. திருகோணமலை ஒல்லாந்துக்கே திரும்பியது. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் நின்றது. கீழைக் கடல்களில் பிரித்தானியக் கப்பல்களின் போக்குவரத்தை ஒல்லாந்து தடுக்காது என்றும் ஒரு வாசகம் சேர்த்தார்கள்.

பாருங்கள். அமெரிக்காவுக்கு நாடு கிடைத்தது. ரஷ்யாவுக்குப் பேர் கிடைத்தது. கீழைக் கடலில் பிரித்தானியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அந்தக் கடலின் நடுவில் இருந்த கண்டிக்கு ஒரு துறைமுகமும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அந்த மேசையில் பேச ஆளே இருக்கவில்லை.

பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1796 இல் மதராஸில் கண்டித் தூதர்களோடு எழுதிய உடன்படிக்கையில் உப்பும் மீனும் எடுக்கக் கரையில் ஓர் இடம் தருவதாக இருந்தது. மன்னர் அதை உறுதிப்படுத்தவில்லை. கரைக்குச் சொந்தக்காரன் மாறினான், பூட்டு மாறவில்லை. 1802 இல் புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகள் கண்டிப் பகுதியில் வாங்கிய பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தார்கள். ஆளுநர் நோர்த் நட்டஈடு கேட்டார். ஏற்கெனவே போருக்குச் சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாக்கு மூட்டைகள் போதுமாக இருந்தன. லோரன்ஸின் பையைப் போலத்தான். 1803 ஜனவரி முடிவில் படை புறப்பட்டது. அந்தப் போர் நடந்த வருடத்தில்தான் ஓகஸ்ட் 25 ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினார். ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார். ஒட்டுசுட்டான் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு அந்த நடுகல்லின் இடம் தெரியும்.

சென் யுஸ்தேசியஸிலிருந்து கற்சிலைமடு வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இதுதான் பதில்.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். தடை பிழை என்று எல்லோரும் சொல்வார்கள், அது தங்கள்மீது விழும்போது. 1780 இல் எழுதிய அந்த விதிகள் நல்ல விதிகள். பிழை விதியில் இல்லை. தனக்குக் கேட்ட நீதியைத் தன் கைக்குள் இருந்தவனுக்குக் கொடுக்காததில்தான் பிழை. கண்டி கூப்பிட்ட ஒவ்வொரு நண்பனும் கதவைத் திறக்க வரவில்லை. சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொள்ளத்தான் வந்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வன்னியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ஆசிரியர் இருக்கிறார். எனக்கு அண்ணன் மாதிரி. இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையைப் பற்றிச் சொன்னார். மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், சீமெந்து, பசளை என்று நீண்ட பட்டியல். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாக எண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்தாராம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்களாம். "தம்பி, பற்றறி போர்ச் சாமான் எண்டா விளங்குது. சவர்க்காரம் என்ன ஆயுதம்?" என்று கேட்டார். கத்தரினின் அறிவிப்பில் மூன்றாவது விதியைத்தான் அவர் தன் பாஷையில் சொன்னார்.

நான் அந்தத் தடைக்குள் இருக்கவில்லை. அந்த நேரம் நான் புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில், உப்பளத்துக் காற்றில் வளர்ந்துகொண்டிருந்தேன். மேலே இந்தக் கதையில் வரும் அதே புத்தளம்தான். நாங்கள் வர முடியாத ஊரில் அவர் இருந்தார், அவர் வெளியேற முடியாத ஊரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு நடந்ததை நான் சின்னதாக்கவில்லை. எனக்கு நடந்ததை அவரும் சின்னதாக்கவில்லை. அன்றைக்கு அவர் என் தேத்தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

பிள்ளைகளே, வரலாறு படிக்கும்போது யார் வென்றது, எந்த ஆண்டு என்பதோடு நிற்பாட்டிவிடாதீர்கள். யாருடைய பாதை மூடப்பட்டது, பட்டியலை எழுதியது யார், அந்த மேசையில் யாருக்குக் கதிரை இருக்கவில்லை என்றும் கேளுங்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் அந்த மேசையில் இருக்கக்கூடும். பேனையைப் பிடிக்கும்போது, உங்களுக்குக் கேட்ட அதே நீதியை மற்றவருக்கும் எழுதுங்கள்.

பின்வாங்குத் தம்பிக்கு: சோதினைக்கும் இது வரலாம். திங்கட்கிழமை கேட்பேன், படித்துக்கொண்டு வாரும்.

பிழைகள் இருந்தால் பெரியவர்கள் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். இந்தப் பாதைகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.